சுரங்கத்துக்குள் வந்த போன்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே புத்தகத்தை மூடிவிடலாம். நடந்தது என் மச்சானுக்கு, அதாவது என் தங்கை வீட்டுக்காரனுக்கு. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. கண்ணால் பார்க்காத எதையும் நம்பாத ஆசாமி. பேய் என்று யாராவது வாயெடுத்தால், "கடைக்கு வாங்க, கண்ணை டெஸ்ட் பண்ணிடலாம்" என்பான். இப்போதெல்லாம் அப்படிச் சொல்வதில்லை.

விடுமுறைக்கு வெளிநாடு போயிருந்தார்கள். அவன், என் தங்கை, எட்டு வயது மகள். மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம், பெயருக்கு ஏற்ற பிள்ளை. வாடகைக்குப் பெரிய வண்டி ஒன்றை எடுத்து அவனே ஓட்டினான். தங்கைக்கோ காலில் சக்கரம். காலையில் கோட்டை, அப்புறம் அருவி, மதியத்துக்கு மேல் மலைமேல் ஓர் ஏரி. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம்.

ஏரிக்கரையில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. விழுந்தடித்து ஓடி வந்து ஏறினார்கள். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. பின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"வாலு, ஏறியாச்சா?"

"ஏறியாச்சுப்பா."

வண்டியைக் கிளப்பினான். மணி மூன்றேகால்.

கொஞ்ச தூரம் போனதும் வண்டி டிங்... டிங்... என்று கத்த ஆரம்பித்தது. பின்னால் யாரோ பெல்ட் போடவில்லை.

"பெல்ட் போடும்மா."

க்ளிக். சத்தம் நின்றது.

அவள் இடம் கடைசி சீட்டில். நடுவே பெட்டிகள் குவிந்து கிடந்தன. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் போர்வையும் கொஞ்சம் தலைமுடியும்தான் தெரிந்தன. வழக்கமாக வாய் ஓயாதவள், மூச்சு விடவில்லை. அலைந்த அலுப்பு, தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். பிள்ளை சும்மா இருந்தால் ஏன் என்று எந்த அப்பன் கேட்பான்?

சாலை இறங்கி ஒரு சுரங்கப் பாதைக்குள் நுழைந்தது. நீளமான சுரங்கம். நிறுத்தக் கூடாது, திருப்பவும் வழியில்லை. பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டே வந்தது.

அப்போது போன் அடித்தது. தெரியாத எண். வண்டி ஸ்பீக்கரில் எடுத்தான்.

"அப்பா..."

அழுகை.

"என்னை ஏன் விட்டுட்டுப் போனீங்க? நான் ஏரிகிட்டயே நிக்கறேன்..."

வாலுவின் குரல். சந்தேகமே இல்லை. தங்கை அவனைப் பார்த்தாள். இருவருக்கும் பின்னால் திரும்பப் பயம்.

பின்னாலிருந்து, தூக்கக் கலக்கத்தில்...

"யாருப்பா போன்ல?"

அதுவும் வாலுவின் குரல்தான்.

ஸ்பீக்கரில் அழுகை சட்டென்று நின்றது.

"அப்பா... அங்க யாரு என்னை மாதிரியே பேசறது?"

இரண்டு பக்கமும் பெற்ற பிள்ளை கூப்பிடுகிறது. எது தன் பிள்ளை என்று தகப்பனுக்குத் தெரியவில்லை. அந்தப் பாவி மனிதனால் முன்னால் ஓட்டுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை.

தங்கை பெல்ட்டைக் கழற்றினாள். இரண்டு சீட்டுக்கு நடுவே புகுந்து, பெட்டிகளுக்கு மேல் எக்கிக் கையை நீட்டினாள். போர்வைக்கு வெளியே ஒரு கால். இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கா... இங்கதான் இருக்கா..."

"வலிக்குதும்மா."

"அது நான் இல்லம்மா" என்றது போன்.

டிங்... டிங்... டிங்...

தூரத்தில் வெளிச்சம்.

"விடாத."

"விடல..."

சுரங்கம் முடிந்தது. வெளிச்சம் கண்ணில் அடித்தது.

தங்கையின் கையில் போர்வை நுனி.

சீட் காலி.

பெல்ட் போட்டபடியே இருந்தது.

திரும்புவதற்கு வழி கண்டுபிடித்து ஏரிக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் தங்கை வேண்டாத தெய்வமில்லை. டிக்கெட் கவுண்டர் கூரைக்கடியில் வாலு தனியாக நின்றிருந்தாள். கையெல்லாம் ஐஸ். மழையில் நின்ற பிள்ளை வேறெப்படி இருக்கும்? வாரி எடுத்துக்கொண்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை கிடைத்ததே போதும் என்று மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

வந்த பிறகு மச்சான் இதையெல்லாம் என்னிடம் சொன்னான். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே.

"அவளுக்கு உன் நம்பர் எப்படித் தெரியும்? அன்னைக்கு முழுக்க நான் கூப்பிட்டுப் பாத்தேன், உன் போன் அணைஞ்சு கிடந்துச்சு."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பழைய சிம்மைக் கழற்றிவிட்டு, அன்று காலையில்தான் கோட்டை வாசலில் ஒரு கடையில் அந்த நாட்டு சிம் வாங்கிப் போட்டிருக்கிறான். நம்பரை யாரிடமும் கொடுக்கவில்லை. அவனுக்கே அது மனப்பாடம் இல்லை.

"அப்படின்னா..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. பக்கத்து அறையில் வாலு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் திரும்பவே அவனுக்குத் துணிவு வரவில்லை. எனக்கும்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை, தன் கையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் பிடிச்ச கால் சூடா இருந்துச்சுண்ணா."