கோணூசிக்காரர் தைத்த லேப்டாப்

டி. கல்லுப்பட்டி கமிஷன் கடையில் மூட்டை தைக்கிறவர் விருமாண்டி. வயது ஐம்பத்து மூன்று. அதில் ஐம்பது வருஷம் கோபத்திலேயே கழிந்தது, மீதி மூன்று பேச்சு வராத பருவம் என்பார்கள். அவர் தைத்த கொத்தமல்லி மூட்டைகளோடு ஒரு லாரி கண்மாயில் கவிழ்ந்து மூன்று நாள் கிடந்ததாம். தூக்கிப் பிரித்தால் மல்லி நனையாதது மட்டுமில்லை, தைத்த அன்று உள்ளே அடைபட்ட வெயிலும் சூடு ஆறாமல் இருந்ததாம். நம்பாதவர்கள் அவரிடமே போய்க் கேட்கலாம். இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து மகள் திவ்யா போன் செய்தாள். லீவுக்கு வந்தவள், முந்தின ராத்திரி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் லேப்டாப்பைக் கட்டிலிலேயே விட்டுப் போயிருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு வேலைக்கான இன்டர்வியூ. எட்டு மாதம் உட்கார்ந்து வரைந்த கட்டடப் படங்கள் அத்தனையும் அதற்குள்தான் இருக்கின்றன. வேறெங்கும் இல்லை.

"கொடுத்தனுப்ப ஆள் யாரும் இருக்காகளாப்பா?"

"தலைய மட்டும் மறக்காமக் கொண்டு போயிட்டியாக்கும். வை போனை. நானே வாரேன்."

தங்கை மகன் ராஜபாண்டி செல்போனிலேயே பத்தரை மணி விமானத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தான். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"மாமா, ஏர்போர்ட்ல பெட்டியெல்லாம் தூக்கி எறிவாங்களாம். பாத்துக்கங்க."

"எறியட்டும். எறிஞ்சவன் கைதான் நோகணும்."

லேப்டாப்பைச் சேலையில் சுற்றி, சுற்றிலும் பருத்தியைத் திணித்து, புதுச் சாக்குக்குள் இறக்கினார். அதற்கென்று பை இருக்கிறது என்றான் ராஜபாண்டி.

"அதுல இருக்கது ஜிப்பு. ஜிப்பைத் தொறக்க எந்தத் திருடன் படிச்சிட்டு வரணும், மாப்ள?"

சாக்குத் தைக்கிற கோணூசியை எடுத்தார். மூட்டை தைக்கிறவர்கள் ஓரத்தில் ஒரு சணல் நுனியை விட்டு வைப்பார்கள். பிரிக்கிறவன் அதைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் சரசரவென்று வந்துவிடும். அன்று விருமாண்டி அந்த நுனியை விடவில்லை. இரண்டு பக்கமும் முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

மதுரை விமான நிலையத்தில் சோதனை செய்கிற இடத்துக்கு வந்ததும், சட்டைப் பையிலிருந்த கோணூசியை முதலில் பிடுங்கித் தொட்டியில் போட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்து ஊசி. விருமாண்டிக்குக் காது மடல் சிவந்தது. அடுத்து, சாக்கைக் காட்டி இந்தியில் என்னவோ கேட்டார் ஒரு காவலர். பக்கத்தில் நின்ற பெண் காவலர் தமிழில் சொன்னார்.

"லேப்டாப்பை வெளிய எடுத்து டிரேல தனியா வைக்கணும்ணே."

"வெளிய எடுக்கவா இம்புட்டு நேரம் உக்காந்து தச்சேன்?"

"எடுக்காட்டி உள்ள விட மாட்டாங்கண்ணே."

இந்திக்காரர் பிளேடை எடுத்தார். விருமாண்டி சாக்கின்மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டார்.

"பிளேடு உள்ள எறங்குச்சுன்னா எம்மக பொழப்புல எறங்குன மாதிரி. நானே பிரிக்கிறேன். தள்ளி நிக்கச் சொல்லு தாயி."

பிரிக்க நுனி இல்லை. ஊசி தொட்டியில் கிடந்தது. நகத்தால் கிள்ளிப் பார்த்தார், வரவில்லை. எந்தக் களவாணிப் பயல் இப்படித் தைத்தான் என்று தன்னையே வைதுகொண்டு பல்லால் கடித்தார். ஒலிபெருக்கியில் அவர் பேரைச் சொல்லிக் கடைசி அழைப்பு வந்தது. முடிச்சு அறுந்தபோது கடைவாய்ப் பல் ஒன்றும் ஆட்டம் கண்டுவிட்டது. பருத்தி பறந்து வரிசையில் நின்ற அத்தனை பேர் தலையும் நரைத்துப்போனது. லேப்டாப் டிரேயில் ஏறி, இயந்திரத்துக்குள் போய் மறுபக்கம் வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

விமானத்தில் மேல்தட்டில் இடமில்லை. லேப்டாப்பை முன்சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னாள் பணிப்பெண்.

"காலடியிலயா? எழுதுன காகிதத்துல கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறவுக நாங்க."

"கையில வச்சிருந்தா பிளேன் கிளம்பாது சார்."

வைத்தார். வைத்த கையோடு இரண்டு காலையும் தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டார். பக்கத்தில் இருந்தவர் நெளிந்தார்.

"சார், முட்டி இடிக்குது."

"இடிக்கட்டும். முட்டி என்னோடது. கீழ இருக்கது எம்மக படிப்பு."

சென்னை வரை கால் கீழே இறங்கவில்லை. அவர் முறைத்த முறைப்புக்குக் கடலே விலகிப் போயிருக்கும்.

வெளியே வாசலில் திவ்யா நின்றாள். பறித்துக்கொண்ட மாதிரி வாங்கி, அங்கேயே ஒரு திண்டின்மேல் வைத்துத் திறந்தாள். திரை ஒளிர்ந்தது. படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் இருந்தன. மணி பன்னிரண்டேகால்.

கல்லுப்பட்டியிலிருந்து சேர்த்துக்கொண்டு வந்த வசவு அத்தனையும் விருமாண்டியின் தொண்டைக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தவர், லேப்டாப்பை மூடியவள் மறுபடி திறந்து படங்களைச் சரிபார்ப்பதைப் பார்த்தார்.

"என்னப்பா?"

"நாலு மணிக்கு மேல போன் போடு. உன்னைய வைய வேண்டியது ஏகப்பட்டது கெடக்கு. இப்பப் போ, பதறாமப் பேசு."