இரண்டேகால் அடிக் கதவு

வீட்டு வரைபடத்தில் ஒவ்வொரு அறையின் மூலையிலும் ஒரு கால்வட்டம் போட்டிருந்தது. அதை நான் மின்விசிறி என்று நினைத்துவிட்டேன். நினைத்ததோடு நிற்காமல், அறைக்கு ஒரு ஃபேன், குளியலறைக்கும் ஒன்று, எவ்வளவு தாராளமான மனுஷன் என்று மனைவியிடம் பில்டரைப் புகழ்ந்துவிட்டு, அதே உற்சாகத்தில் அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். தடித்தடியான ரஷ்ய நாவல்களை, யார் யாருக்கு என்ன முறை என்று தனித்தாளில் குறித்துவைத்துப் படித்துத் தீர்த்தவன் நான். ஒற்றைத் தாளில் அச்சடித்த ஒரு வீட்டைப் படிக்கத் தெரியவில்லை.

அது ஃபேன் அல்ல, கதவு என்று சொன்னவள் அக்கா. திறக்கும்போது கதவு எவ்வளவு தரையைத் தின்னும் என்று காட்டத்தான் அந்தக் கால்வட்டமாம். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்று வயதில் போலியோ வந்தது. இப்போது சக்கர நாற்காலி. ஆய்க்குடியில் வாடகை வீடொன்றில், தன் வசதிக்குக் குளியலறையை இடித்துக் கட்டிக்கொண்டு, தனியாக இருந்தாள். வீட்டுக்காரர் மகன் சவுதியிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருவதால் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். எங்களோடு வந்து இரு என்று நானும் மனைவியும் ஒரு வருஷமாகக் கெஞ்சி, ஒருவழியாகச் சம்மதித்திருந்தாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், இன்னும் அஸ்திவாரமே முடியாத அந்தக் கட்டடத்தில், நாங்கள் தரைத்தளம் வாங்கியதே அவளுக்காகத்தான்.

சம்மதிக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். குளிக்கவும் கக்கூஸுக்குப் போகவும் யாரையும் கூப்பிட மாட்டாள். அவ்வளவுதான்.

தாளை மடியில் விரித்து, ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏலே, பாத்ரூம் கதவு ரெண்டேகால் அடி போட்டிருக்கான். நிலை போக ரெண்டடிதான் கெடைக்கும். என் வண்டி இருவத்தாறு இஞ்சு. அதுலயும் கதவு உள்ளாற தொறக்குது. நான் உள்ள போவணுமா, கதவு உள்ள போவணுமா?"

நான் பில்டரைப் பார்க்கப் போனேன். என்னைவிட இருபது வயது இளையவர், மிகவும் மரியாதையானவர். பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். எல்லா வீட்டுக்கும் இதுதான் ஸ்டாண்டர்ட் அளவு, ஒருத்தருக்காக மாற்றினால் எல்லாரும் கேட்பார்கள் என்றார். பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றே, "ஒரு ஆள் வச்சுக்கிட்டா தூக்கி உக்கார வச்சிரப் போறாவ, சார்" என்றார். அதற்கு நான் காரசாரமாக என்ன பதில் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பாதாம் பாலில் ஏலக்காய் தூக்கலாக இருந்தது என்று சொன்னதாகத்தான் ஞாபகம்.

அக்காவிடம் சொன்னபோது ஆளைத் தூக்கி வைக்கிற பகுதியை விழுங்கிவிட நினைத்தேன். நாற்பது வருஷம் பிட்டு அடிக்கிற பிள்ளைகளைப் பிடித்தவள். முகத்தைப் பார்த்தே கறந்துவிட்டாள். பிறகு அளவு டேப்பும் நாலு கிலோ சுண்ணாம்புப் பொடியும் வாங்கிவரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சீசன் நேரம். அருவிக்கு வருகிற கூட்டத்தில் பாதி பேரையாவது வீடு பார்க்க மடக்கிவிட வேண்டும் என்று, கட்டடத்தை ஒட்டியிருந்த பில்டர் ஆபீஸ் வாசலில் பந்தல் போட்டு, 'அருவி வியூ' என்று பேனரும் கட்டியிருந்தார்கள். (மலை தெரியும். அருவி தெரிய வேண்டுமானால் மலையைச் சற்றுத் திருப்பி வைக்க வேண்டும்.) பந்தலுக்கு எதிரே சிமெண்டுத் தளம். அதன் நடுவில் அக்கா நாற்காலியை நிறுத்தினாள். வரைபடத்தைப் பார்த்து அவள் அளவு சொல்லச் சொல்ல, அவளைச் சுற்றி நான் சுண்ணாம்புப் பொடியால் எங்கள் குளியலறையை வரைந்தேன். நாலு சுவர், ஒரு கதவு, வாஷ்பேசின், கக்கூஸ் கோப்பை. ஆபீஸ் பையன்கள் ரெண்டு பேர் வந்து, சார், சார் என்றார்கள். நான் குனிந்த தலை நிமிரவில்லை. வாழ்நாளில் நான் செய்த ஒரே கிளர்ச்சி அது. முதுகு மூன்று நாள் வலித்தது.

பில்டர் ஓடி வந்தார். அக்கா, வெயில்ல இருக்காதீங்க, உள்ள வந்து பேசுவோம் என்றார்.

"எப்படி வர, தம்பி? கதவு ரெண்டேகால் அடிலா."

"அப்ப எப்படி உள்ள போனிய?"

"சுவரு எழும்புறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்துட்டேன். இப்ப எழும்பிட்டு. இனி எங்க வெளிய வர?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். கார்கள் வந்து நின்றன. இறங்கியவர்கள் எல்லாரும் மலையைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம், பாத்ரூமுக்குள் மாட்டிக்கொண்டேன் என்று நிதானமாக விளக்கினாள். ஒரு பக்கச் சுவருக்கு வெளியே, கையில் பொடிப் பையோடு நான் காவல் நின்றேன். என் மனைவி ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்து, கோட்டைத் தாண்டாமல் கையை நீட்டிக் கொடுத்தாள். "வேற என்னமும் வேணுமா, மைனி?" என்று கேட்டபோது அவள் குரலில் இருந்த குஷியை எங்கள் கல்யாண நாளில்கூட நான் கேட்டதில்லை.

பதினொரு மணிக்குச் சாரல் வந்தது. அக்கா குடையை விரித்தாள். கோடுகள் பால்போலக் கலங்கி ஓட ஆரம்பித்தன. பில்டருக்கு அப்பாடா என்றிருந்திருக்கும்.

"அக்கா, உங்க சுவரு கரைஞ்சு போச்சு. இப்ப வரலாம்லா?"

"நீங்க கெட்டுற சுவரு சாரலுக்கே கரைஞ்சிருமா, தம்பி?"

பந்தலில் நின்ற, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, கணவர் துபாயிலாம், போனில் அவருக்கு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தவர், போனை அக்கா பக்கம் திருப்பினார். பிறகு பில்டரிடம், "எங்களுக்கும் ரெண்டேகால் அடிதானா? எங்க மாமி வாக்கர் வச்சில்லா நடக்காவ" என்றார். துபாயிலிருந்தும் அதே கேள்வி வந்தது, கொஞ்சம் தாமதமாக.

பில்டர் பேனா எடுத்தார். அக்காவின் மடியிலிருந்த தாளிலேயே இரண்டேகாலை அடித்து மூன்று என்று எழுதி, கால்வட்டத்தை வெளிப்பக்கம் திருப்பிப் போட்டு, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார். தரைத்தளம் முழுக்க அப்படித்தான் என்று அந்த அம்மாவிடமும் சொன்னார். அக்கா இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். ஆனாலும் நகரவில்லை. ஈரம் படாத மிச்சப் பொடியை வைத்து, மூன்றடிக்கு நான் ஒரு கதவு வரைந்த பிறகுதான், அதன் வழியாகத் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. பில்டரை எப்படி மடக்கினோம் என்பதைத் தென்காசியில் எனக்குத் தெரிந்த எல்லாருக்கும், தெரியாத சிலருக்கும் சொல்லிமுடித்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கட்டட வேலை நடக்கிற இடத்துக்கே போனேன். அன்றைக்கு ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்த கொத்தனார் அண்ணாச்சி அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒருமுறை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் சரிதான், சார். அக்கா பாத்ரூமுக்குப் போயிருவாவ. வீட்டுக்குள்ள எப்படிப் போவாவ? முன்வாசல்ல மூணு படில்லா வருது."