குழந்தைகளுக்கு ஏற்ற ஹோட்டல்

அவள் ஹோட்டல் தேடியதைப் பார்த்திருந்தால், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். இரண்டு வாரம் போனும் கையுமாகவே இருந்தாள். எவனோ ஒருவன் காபி ஆறிப்போயிருந்தது என்று ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தால் போதும், அந்த ஹோட்டலின் கதை அதோடு முடிந்தது.

அலுவலகத்தில் அவளுக்கு என் பக்கத்து மேசை. அவளுக்கு ஒரு பையன், எனக்கு ஒரு பெண். இரண்டுக்கும் இரண்டரை வயது. ஒரே காப்பகத்தில் விடுகிறோம். அங்கே இரண்டும் ஒரே பாயில்தான் தூங்கும், ஒன்று அழுதால் மற்றதும் அழும். அதனால்தான் கடற்கரைச் சாலையில் இருக்கும் தீம் பார்க்குக்கு இரண்டு நாள் போய் வரலாம் என்று அவள் சொன்னபோது சரி என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"நீ ஒண்ணும் எடுத்துண்டு வராதே. சாப்பாட்டுக்கு எல்லாம் நானே பாத்து வெச்சிருக்கேன். குழந்தைகளுக்கு ஏத்த ஹோட்டல்" என்றாள். குழந்தை நாற்காலி இருக்க வேண்டும், காரம் இருக்கக் கூடாது, கைகழுவும் இடம் பளிச்சென்று இருக்க வேண்டும், சுத்த சைவமாக இருக்க வேண்டும். எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. என் மகள் எதைக் கொடுத்தாலும் தின்பாள். ஒருமுறை சோப்பைக்கூடக் கடித்துப் பார்த்தாள்.

அவள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மதிலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. நான் பெரிய காஞ்சிபுரத்தில் வாடகைக்கு இருக்கிறேன். என் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். நான் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள். ஆறு வயதில் பள்ளித் தோழி ஒருத்தியின் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டேன். அவளுடைய அம்மா சொம்பை உயரத் தூக்கி, என் கையில் படாமல் ஊற்றினாள். தண்ணீர் குடித்தது மறந்துவிட்டது, அந்த முகம் மறக்கவில்லை. என் மகளுக்கு நான் சொத்து எதுவும் சேர்த்து வைக்கவில்லை. அப்படி ஒரு முகத்தை அவள் பார்க்காமல் வளர வேண்டும் என்ற ஒன்றைத்தான் பிடிவாதமாகக் காப்பாற்றி வந்தேன்.

எனக்குக் கண் இல்லாமல் இல்லை. இரண்டு வருடமாக மதியம் என் டப்பாவைத் திறந்து நீட்டும்போதெல்லாம் "இன்னிக்கு ஏகாதசி" என்பாள். மாதத்துக்கு இரண்டு ஏகாதசி என்றுதான் எனக்குத் தெரியும். அவளுக்கு வாரத்துக்கு மூன்று வந்தன. ஆனால் அதே அவள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் எனக்கு எதிரே உட்கார்ந்து மசால் தோசையை ஒரு பிடி பிடிப்பாள். அவள் கொண்டுவந்த கோயில் இட்லியை நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றிருக்கிறேன். சிநேகிதிதானே என்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன். என் தவறு அதுதான்.

அவள் வேண்டாம் என்று சொல்லியும், கிளம்புகிற அன்று விடியற்காலையில் எழுந்து எட்டு இட்லி வேகவைத்தேன். நெய் விட்டு, மேலே சர்க்கரை தூவி, டப்பாவில் அடைத்தேன். பார்க் வாசலில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று பலகை வைத்திருந்தார்கள். காவலாளி அம்மா டப்பாவைத் திறந்து பார்த்து, "கொயந்திக்கா? எட்துக்கினு போமா" என்று விட்டுவிட்டார்.

உள்ளே அவள் பார்த்து வைத்திருந்த முதல் ஹோட்டலில் குழந்தை நாற்காலி இருந்தது, அதில் யாருடைய பையோ உட்கார்ந்திருந்தது. ஏசி குளிரில் இரண்டு குழந்தைகளும் நடுங்கின. காரம் இல்லாமல் என்ன இருக்கிறது என்று கேட்டால், "லைட்டா தான் மேடம் இருக்கும்" என்று சிவப்பாக ஒரு சாதத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் ஒரு வாய் வைத்ததும் பையன் வீறிட்டான். அவள் முகம் தொங்கிப்போனது. எழுந்து, பார்க்கின் மறுகோடியில் இருந்த இரண்டாவது ஹோட்டலுக்கு வெயிலில் நடந்தோம். அங்கே வாசல் வரைக்கும் வரிசை. மணி ஒன்றரை. பசியில் பையன் அவள் தோளைக் கடித்தான்.

"இட்லி இருக்குதுபா. ரெண்டு வாய் குடு, அடங்கிடுவான்" என்றேன்.

"வேண்டாம்மா. இதோ உள்ளே போனதும் பிரஞ்சு ஃப்ரை சொல்லிடறேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

குழந்தைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? இரண்டையும் கீழே விட்டதும் என் மகள், நான் திறந்து வைத்திருந்த டப்பாவில் கைவிட்டு ஒரு துண்டு இட்லியை எடுத்து அவன் வாயில் வைத்தாள். காப்பகத்தில் பிஸ்கட்டை அப்படித்தான் கொடுப்பாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டு மென்றான். கண்ணீரோடு சிரித்தான்.

அவன் அம்மா குனிந்தாள். ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்து, மறு கையின் விரலை உள்ளே விட்டு, இட்லியைத் தோண்டி எடுத்தாள். ஒரு துணுக்குகூட விடவில்லை. பிறகு பாட்டில் தண்ணீரை ஊற்றி வாயைக் கழுவித் துப்பவைத்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். "வெளிச் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்காது" என்றாள். ஹோட்டல் வாசலில் நின்றுகொண்டு இதைச் சொன்னாள்.

எனக்கு நாக்கு நுனியில் அத்தனை வார்த்தைகள் இருந்தன. ஒன்றை விட்டிருந்தாலும் அவள் பரம்பரையே தாங்கியிருக்காது. ஆனால் என் மகள் சர்க்கரை ஒட்டிய கையோடு என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாம்மா துப்ட்டான்? இட்லி நல்லால்லியா?"

நான் வாயைத் திறந்தால் இவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

"காரம்டா கண்ணு. அவனுக்கு காரமா இருக்குதாம்" என்றேன்.

மகள் தன் விரலை ஒருமுறை நக்கிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

சாயங்காலம் மகள் என் தோளில் தூங்கிய பிறகு, நான் தங்கவில்லை, ஊருக்குப் போகிறேன் என்றேன். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஏன்? நைட்டுக்கு நல்ல ஹோட்டலா பாத்து வெச்சிருக்கேனே?"

"அந்த ஹோட்டல்ல யாரு சமைக்கிறாங்க, உனக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியல இல்ல? அதான் துன்ற. என் வூட்ல யாரு சமைச்சாங்கன்னு தெரியும், அதான் தோண்டி எட்த்த."

அவள் கண் கலங்கியதா என்று பார்க்க நான் நிற்கவில்லை. கலங்கியிருந்தாலும் எனக்கு இரக்கம் வந்திருக்காது. பஸ் மாறி மாறி ஊர் வந்து சேர்ந்தேன். அடுத்த வாரமே வேறு மேசை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவளிடம் கேட்டுவிட்டேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குறை என்னிடம்தான். அந்த முகத்தை மறைப்பதற்காக, என் கையால் செய்த இட்லியின் மேல் நானே பழியைப் போட்டேன். இப்போதும் தட்டில் இட்லி வைத்தால் மகள் உடனே தொடுவதில்லை. நெய்யும் சர்க்கரையும் கண்முன்னே பளபளக்க, என் முகத்தைப் பார்த்து, "காரமாம்மா?" என்று கேட்கிறாள்.