சலாம் சொல்லிவிட்டவர்

இஸ்ஹாக் நானாவை நிர்வாக சபையிலிருந்து நீக்கியது நான்தான். தலைவர் கையெழுத்திட்டார், மற்றவர்கள் கையை உயர்த்தினார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் அந்த முறையைக் கொண்டுவந்தவள் நான். அவருடைய பெயரைக் கோடு போட்டு வெட்டிய பேனாவும் என்னுடையது. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி ஒரு வரி எழுதவும் எனக்குத் தகுதி இல்லை.

புத்தளத்தில் முப்பத்தொரு வருடம் அரச உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் சும்மா இருந்தால் மருமகளோடு சண்டை பிடிப்பேன் என்று எனக்கே தெரியும். அதனால், சிறிய சங்கங்களின் நிர்வாக சபைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஓய்வு பெற்றவர்களை அனுப்பும் கொழும்பு நிறுவனமொன்றில் தொண்டராகச் சேர்ந்தேன். ஐந்து நாள் வகுப்பு நடத்தினார்கள். ஒரு தடித்த கோப்பும் கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் தந்தார்கள். அட்டையை மாட்டியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குக் கொடுத்த இடம் கனமூலை. விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிறிய பகல் நிலையம். பதினொரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், ஏழு பேர் கொண்ட சபை. மர்ஸூக் ஹாஜியார் தலைவர். தென்னங்காணிக்காரர், நல்ல மனிதர். ஆசிரியை மர்ளியா செயலாளர். அவருக்குக் கூட்ட அறிக்கை எழுதப் பழக்குவது என் வேலை. பழக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு நானே எழுதினேன். என் எழுத்துத்தான் அழகு என்ற நினைப்பு.

நான் போன புதிதில் அவர்கள் கூட்டம் நடத்திய விதத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நபிகள்மீது ஸலவாத்து ஓதித் தொடங்குவார்கள், தேநீர் வரும், கதைத்து முடிப்பார்கள். வரமுடியாதவர் யாரிடமாவது சலாம் சொல்லிவிடுவார். "இன்னார் சலாம் சொன்னார்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சேர்ந்து பதில் சலாம் சொல்வார்கள். அவ்வளவுதான், அவர் வராத கணக்கில் சேரமாட்டார். வர மனம் இருந்தது, வேலை விடவில்லை, நீங்கள் எடுக்கும் முடிவு எனக்கும் சம்மதம் என்பதெல்லாம் அந்த ஒரு சலாமுக்குள் அடங்கும்.

"இது கல்யாண வீடா, நிர்வாக சபையா?" என்று கேட்டேன். யாரும் கோபிக்கவில்லை. அடுத்த மாதமே புதிய யாப்பு, அதாவது சபைக்கான விதிகள், வந்தது. எழுத்தில் காரணம் தராமல் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் சபையில் இருக்க முடியாது. கூட்டம் மாதத்தின் முதல் புதன்கிழமை, பின்னேரம் நாலரைக்கு. ஏன் நாலரை என்று ஒருவரும் கேட்கவில்லை. என் பஸ்ஸுக்கு அதுதான் வசதி.

இனி இஸ்ஹாக் நானா. அண்ணனை நாங்கள் நானா என்போம். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பதினேழு வயது. உப்பளத்தில் கூலிக்குப் போனார், கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டத்தில் நின்றார், கடைசியில் முச்சக்கர வண்டி ஒன்று எடுத்தார். மூத்த மகள் ருஷ்தா பிறந்ததிலிருந்தே நிமிர்ந்து உட்கார முடியாதவள். புத்தளத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, வண்டியின் பின் இருக்கையில் மெத்தை அடித்து, பட்டி தைத்து, மகளைக் கொண்டுபோனார். வழியில் இன்னொரு வீட்டில் அப்படி ஒரு பிள்ளை. பிறகு இன்னொன்று. இவர்களுக்கு இங்கேயே ஓர் இடம் வேண்டும் என்று மர்ளியாவிடம் முதலில் கேட்டவர் அவர்தான். நிலையம் தொடங்கியது அந்த வண்டியின் பின் இருக்கையில் என்று சொன்னால் பொய்யில்லை.

ருஷ்தா பதினான்கு வயதில் மௌத்தானாள். அடக்கம் செய்து, மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் காலை, மற்றப் பிள்ளைகளின் வாசலில் வழக்கம்போல வண்டி வந்து நின்றதாம்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்த இஸ்ஹாக், வரவுப் பதிவில் ஐந்தாவது பெயர். புதிய யாப்பின்படி நடந்த முதல் கூட்டத்தில் மர்ளியா, "இஸ்ஹாக் நானா சலாம் சொன்னார்" என்றார். வஅலைக்குமுஸ்ஸலாம் என்றோம். நானும் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். சொல்லிவிட்டு, 'வரவில்லை' என்று எழுதினேன். இரண்டாம் மாதமும் சலாம் வந்தது. மூன்றாம் மாதம் மர்ளியா சலாமைச் சொல்லிவிட்டு, "மிஸ், அவர் இந்நேரம்..." என்று இழுத்தார்.

"மர்ளியா, சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றேன்.

இந்நேரம் அவர் எங்கே என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதாலேயே யாரும் சொல்லவில்லை. தெரியாதவள் நான் ஒருத்திதான், நான் கேட்கவில்லை. மூன்று மணிக்கு நிலையம் விட்டால் அவர் இரண்டு நடை ஓடவேண்டும். கடைசிப் பிள்ளையை வீட்டில் இறக்க ஐந்தேகால் தாண்டிவிடும். எந்தப் பிள்ளைகளுக்காக அந்தச் சபை இருந்ததோ, அந்தப் பிள்ளைகளை வீடு சேர்த்துக்கொண்டிருந்தவரை வரவில்லை என்று வெட்டினேன்.

நீக்கல் கடிதத்தை நானே கொடுத்தேன். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"சரி மிஸ். புள்ளயள ஏத்துறதுக்கு இதால தடை ஒண்டும் இல்லதானே?"

"அது வேற, இது வேற" என்றேன். பெரிய நியாயவாதி.

பிறகு பயணத் திட்டம் ஒன்று போட்டேன். வண்டி வீடு வீடாகப் போகத் தேவையில்லை. பெரிய பாதையில் மூன்று இடங்களில் நின்றால் நேரம் மிச்சம் என்று படம் கீறிக் காட்டினேன். மர்ளியா மட்டும், "நம்மட புள்ள அக்கீலாட வீடு முந்தல் பக்கம், இறால் பண்ணைக்கு உள்ள" என்றார். "மிஸ் யோசிக்காமப் போடமாட்டாங்க" என்று ஹாஜியார் முடித்துவிட்டார். இஸ்ஹாக் நானா அங்கே இருந்திருந்தால் அந்தப் படத்தை அப்படியே மடித்து என் கையில் தந்திருப்பார். அவருடைய கதிரையில் என் கைப்பை இருந்தது.

அவர் திட்டத்துக்குப் பிறகும் இரண்டு வாரம் அக்கீலா வீட்டுக்கு உள்ளே போய் வந்திருக்கிறார். தாமதம் என்று ஒரு பெற்றோர் முறையிட, எச்சரிக்கைக் கடிதம் எழுதினேன். அதன் பிறகு அவர் பெரிய பாதையில்தான் நின்றார்.

நான்கு மாதம் கழித்து கொழும்பிலிருந்து மதிப்பீட்டுப் படிவம் வந்தது. பிள்ளைகளின் வரவை நிரப்பும்போது அக்கீலாவின் வரி முழுக்க வெறுமையாக இருந்தது. சுகமில்லையோ என்று பார்க்கப் போனேன். பஸ்ஸால் இறங்கி, பண்ணைத் தொட்டிகளுக்கு நடுவே வரம்பில் முக்கால் மணி நேரம் நடந்தேன். இரண்டு தடவை சறுக்கியது. கையில் என் கைப்பை மட்டும்தான் இருந்தது.

அக்கீலா நிலத்தில் பாயில் கிடந்தாள். ஒன்பது வயது. நிலையத்தில் கரண்டியைத் தானே பிடிக்கப் பழகியிருந்தவள் என்று பழைய அறிக்கையில் இருக்கிறது. நான் பார்க்கும்போது தாய் றிஸ்மியா ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிற மிஸ்? ரோட்டு வரைக்கும் இவளத் தூக்கிட்டுப் போக என்ட இடுப்புக்கு ஏலா. ஒரு நாள் ரெண்டு பேரும் தொட்டிக்குள்ள விழுந்தம். இஸ்ஹாக் நானா உள்ளுக்கு வந்தா அவருக்கு எழுத்து வருதாம். எங்களால அந்த மனுசன்ட பேர் ஏன் கெடோணும்?"

அந்த எழுத்தை எழுதியவள் நான் என்று அவளுக்குத் தெரியாது. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் தந்த தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். அந்தத் தேநீரை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அன்றே மர்ஸூக் ஹாஜியாரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அந்த வாரமே சபையைக் கூட்டினார். இஸ்ஹாக் நானாவைத் திரும்ப எடுக்க எல்லாக் கைகளும் உயர்ந்தன. அக்கீலாவின் பாதையை அடுத்த கூட்டத்தில் அவரை வைத்துக்கொண்டுதான் முடிவு செய்வது என்றார்கள். கடிதத்தை நானே எழுதி, நானே கொண்டுபோனேன்.

வழக்கம்போல வண்டியடியில் நின்றார். மூன்று மாதமும் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்காமல் வெட்டியது நான், எச்சரிக்கை எழுதியதும் நான், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். எனக்குக் கோபம் எளிதில் வரும், அழுகை வராது.

"அதுக்கேன் அழுறீங்க மிஸ்? தெரிஞ்சா செஞ்சீங்க? அல்லாஹ் போதும்" என்றார்.

கடிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தார். பாதி வாசிக்கும்போது முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. கடைசி வரிக்கு வந்ததும் கொஞ்சம் நின்றார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பெரிய சந்தோசம் மிஸ். மர்ளியா டீச்சரிட்ட சலாம் சொல்லிவிடுறன்."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கடைசி வரி: அடுத்த கூட்டம், முதல் புதன்கிழமை, பின்னேரம் நாலரை. அழுது மன்னிப்புக் கேட்கக் கொண்டுவந்த கடிதத்திலும் நான் என் பஸ் நேரத்தைத்தான் எழுதியிருந்தேன்.

"அந்தக் கடிதத்தத் தாங்க நானா" என்றேன்.

தந்தார். வண்டியின் இருக்கையில் வைத்து நாலரையை வெட்டினேன்.

"எத்தின மணிக்கு உங்களால வர ஏலும்?"

ஒன்றரை வருடத்தில் அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் விரல்விட்டு எண்ணி யோசித்தார்.

"அக்கீலாவையும் வீட்டுல விட்டுட்டு வரோணும். பொழுது பட்டு, மஃரிப் தொழுகைக்குப் பொறகுதான் மிஸ்."

அப்படியே எழுதிக் கொடுத்தேன்.