செவ்வாயில் ரோபோ, சரிவில் பார்வதி

கூடாரத்துக்குக் காற்றடித்து, அதற்குள் வானத்தைக் காட்டிச் சோறு தின்கிறவன் நான். மைக் பிடித்துப் பிழைக்கும் சக பாவிகளே, நம் வாய்தான் நமக்கு எமன், தெரியுமில்லையா?

வாயைக் கொடுத்தேன்

தானா ராத்தா என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஞாயிறு மத்தியானம் தோட்ட மண்டபத்தில் கூடாரத்தை ஊதியாயிற்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். செவ்வாயில் ஊரும் ரோபோவைக் கூரையில் ஓட்டிவிட்டு வழக்கம்போல அளந்தேன். இதுக்குச் சோறு வேணாம், லீவு வேணாம், முதுகு வலிக்காது, மனுசனை அனுப்புறதைவிட இதுதான் லாபம் என்றேன். மற்ற ஊர்களில் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். இங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விளக்கைப் போட்டதும், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கங்காணி என் காதருகே குனிந்தார். "சார், இங்க கொழுந்து வெட்டுற மெஷின் வந்து ஒரு மாசம்தான் ஆவுது. யார் யாரை வேலையவிட்டு நிப்பாட்டப் போறாங்கன்னு அடுத்த வாரம்தான் தெரியும் லா."

துரை வந்த காட்சி

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாலு மணிக் காட்சிக்குத் தோட்ட மேனேஜரும் வந்தார். அவரை எல்லாரும் துரை என்றுதான் சொல்கிறார்கள். இந்தத் தடவை மணலில் சக்கரம் புதைந்துபோன ரோபோவின் கதையைச் சொன்னேன். பூமியிலிருந்து மாதக்கணக்கில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள், அது வெளியே வரவேயில்லை. ஒரு ஆள் அங்கே இருந்திருந்தால் மண்ணைத் தள்ளி எடுத்துவிட்டிருப்பான்.

முதல் காட்சி பார்த்த பார்வதி அக்கா மறுபடியும் வந்திருந்தார். இருபது வருடமாகக் கொழுந்து பறிக்கிறவர். எழுந்து நின்று என்னிடம் பேசினார், ஆனால் பார்த்தது துரையை. "சமமான எடத்துல மெஷின் ஓடட்டும் சார், வேணாங்கல. அந்தச் செங்குத்துச் சரிவுல அது நிக்காது. அங்க எங்களை விடச் சொல்லுங்க."

வேனை நிறுத்தினேன்

ரெண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். கீழே ரெண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மெஷினை நடத்திக்கொண்டிருந்தார்கள். மேலே சரிவில் பார்வதி அக்கா மட்டும் கூடையோடு நின்றார். துரை அவர் சொன்னதை ஒத்துக்கொண்டாராம், ஆனால் இந்தச் சரிவுக்கு ஒரே ஆள் போதும் என்றுவிட்டாராம். இத்தனை வருடம் பக்கத்து நிரையில் பறித்த நாத்தனார், திரிங்காப் என்ற ஊருக்குப் பூத்தோட்ட வேலைக்குப் போய்விட்டார்.

எப்படியோ உங்க வேலை தப்பிச்சிருச்சே அக்கா என்றேன், மடையன் மாதிரி. அவர் கை நிற்கவில்லை. "தப்பிச்சிருச்சு சார். அந்த ரோபோ அங்க தன்னந்தனியா இருக்கேன்னு அன்னிக்கு யாரும் கவலைப்படல. அதுக்குப் பேச்சுத் தொணை வேணாம், எனக்கு வேணும்ல."

விண்வெளிக்கு மனிதனா ரோபோவா என்று கேட்டால் ரெண்டும் வேணும் என்று மைக்கில் சொல்லிவிடுவது எனக்குச் சுலபம்தான், எந்தச் சரிவிலும் நான் தனியாக நிற்கவில்லையே.