நான் போகாத நான்கு கம்பங்கள்

ஆடிக்காற்று தொடங்கிவிட்டால் போடியில் கதவைத் திறந்து வைக்க முடியாது. மேற்கே மலையிலிருந்து இறங்கும் காற்று தெருப்புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டிவிட்டுப் போகும். விடுப்பில் ஊருக்கு வந்திருந்த நான், அப்படி ஒரு முற்பகலில் தபால்காரர் கொடுத்த கடிதத்தை வாசலில் நின்றபடியே பிரித்தேன். என் மேலதிகாரி எழுதியிருந்தார். என்னைப் பாராட்டித்தான் எழுதியிருந்தார். கடைசி வரியை மட்டும் மூன்று முறை படித்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கடலையும் பனியையும் ஆராயும் ஒரு நிலையத்தில் நான் இளநிலை ஆய்வாளனாக இருந்தேன். அதற்கு முந்தைய கோடையில், அதாவது அங்கே கோடையாக இருந்த மார்கழி, தை மாதங்களில், கோவாவிலிருந்து கப்பலேறி அண்டார்டிகா போய் வந்தவர்களில் நானும் ஒருவன். ஊருக்குத் திரும்பியபோது உறவுக்காரர்கள் பஸ் நிலையத்துக்கே வந்து மாலை போட்டார்கள். நான் படித்த பள்ளியில் என்னைப் பேசச் சொன்னார்கள். பென்குவினைப் பற்றிப் பேசினேன். வேறு எதையும் பேசவில்லை.

மலைக்காட்டு மூடுபனியில் வளர்ந்தவன் என்பதால், தேர்வு செய்தவர்களிடம் பனி எனக்குப் புதிதில்லை என்று சொல்லியிருந்தேன். எழுபதுகளில், பள்ளி விடுமுறைகளில், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்களில் சுற்றித் திரிந்தவன் நான். எதிரே நிற்கும் ஆள் தெரியாத மூட்டத்திலும் ஓடியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் பெயர் கொடுத்தேன். இரண்டும் வேறு வேறு என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

அங்கே என் வேலை எளிமையானது. முந்தின வருஷம் போனவர்கள் பனிமேட்டின் மேல் வரிசையாக மூங்கில் கம்பங்களை நட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒவ்வொரு கம்பமும் பனிக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நாடாவால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். போன வருஷ அளவோடு ஒப்பிட்டால் ஒரு வருஷத்தில் எவ்வளவு பனி சேர்ந்தது என்று தெரிந்துவிடும். தனியாகப் போகக்கூடாது. இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு இருவராகப் போக வேண்டும். என்னோடு வந்தவர் ஒரு ராணுவ வீரர். இமயமலைப் பக்கத்துக்காரர், இந்தி மட்டும் பேசுவார். அவர் முன்னால் இரும்புக் கோலால் பனியைக் குத்திப் பார்த்துக்கொண்டே நடப்பார். பின்னால் நான், நோட்டுப் புத்தகத்தோடு.

முகாமைக் காலி செய்ய இரண்டு நாள் இருந்தபோது கடைசி வரிசைக்குப் போனோம். வானம் மூடியிருந்தது. அங்கே வானம் மூடினால் நிழல் இல்லாமல் போகும். நிழல் இல்லாவிட்டால் மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. தரையும் வானமும் ஒரே வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். இன்னும் நான்கு கம்பங்கள்தான் பாக்கி. அடுத்த கம்பம் கறுப்புக் கோடாகத் தூரத்தில் தெரிந்தது. எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த மனிதர் திடீரென்று பாதி மனிதராகிவிட்டார்.

கயிறு இடுப்பை வெட்டி இழுத்தது. நான் முகம் குப்புற விழுந்தேன். அவர் அக்குள் வரைக்கும் பனிக்குள் இறங்கி, இரண்டு கைகளையும் விரித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே பிளவு. மேலே மெல்லிய பனி கூரை போட்டு மூடியிருந்ததால் கோலுக்கும் அகப்படவில்லை. உடைந்த பனிக்கட்டிகள் உள்ளே விழும் ஓசை கேட்டது. அவை தரையைத் தொடும் ஓசைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அது வரவே இல்லை.

நான் அவரை இழுத்துக் காப்பாற்றியதாகப் பிறகு எல்லாரும் சொன்னார்கள். நான் இழுக்கவில்லை. கையிலிருந்த பனிக்கோடாரியைத் தரையில் பதித்து அதன்மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவரே கயிற்றைப் பிடித்து, முழங்கையை ஊன்றி, உருண்டு மேலே வந்தார். முழங்கால் பிசகியிருந்தது. வந்த தடத்திலேயே திரும்பிவிட்டோம்.

முகாமில் அவரைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். வெளியே நின்ற குழுத்தலைவர் என்னிடம் கேட்டார்.

“கம்பம் எல்லாம் முடிஞ்சுதா?”

இல்லை என்று சொன்னால் மறுநாள் வேறு ஒருவரோடு என்னை அங்கே அனுப்புவார். அந்தப் பிளவின் ஓரத்துக்கே.

“முடிஞ்சுது சார். திரும்பி வரும்போதுதான் விழுந்துட்டார்.”

அன்று மாலை நான்கு கம்பங்களுக்கும் நானே அளவு எழுதினேன். காற்று அடிக்கும் சரிவு, பனி தங்காது என்று யூகித்து, மற்றவற்றைவிடச் சற்றுக் குறைவாகச் சேர்ந்ததுபோல எழுதிக்கொண்டேன். அந்த வீரரிடம் யாரும் தனியாக எதுவும் விசாரிக்கவில்லை. கப்பலில் அவர் தினமும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் பிள்ளைகளின் போட்டோவைக் காட்டுவார். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம், கம்பங்களைப் பற்றிச் சொல்லிவிடுவாரோ என்று பக்கத்தில் யார் இருக்கிறார்கள் எனப் பார்ப்பேன்.

ஆடியில் வந்த கடிதம் இந்த நான்கு அளவுகளைப் பற்றியதுதான். அந்தச் சரிவில் மட்டும் பனி குறைவாகச் சேர்ந்திருப்பது புதிய செய்தி என்று மேலதிகாரி எழுதியிருந்தார். காற்றின் போக்கைப் பற்றி ஒரு கட்டுரை தயாரிக்கிறார். அதில் என் பெயரும் இருக்கும். அடுத்த குழு அந்த நான்கு கம்பங்களைச் சுற்றி இன்னும் நிறையக் கம்பங்களை நட வேண்டும். ‘நீங்கள் இருவரும் நடந்து போய் வந்த இடம் என்பதால் பிளவைத் தாண்டிய பகுதி பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்கிறேன்’ என்று முடித்திருந்தார். திங்கட்கிழமை கூட்டத்தில் திட்டத்தை வைக்கப் போகிறார்.

முந்தின வருஷம் கம்பம் நட்டவர்கள் நடந்த பனிதான் அது. ஆனால் பனி நகர்ந்துகொண்டே இருக்கும். நேற்று இல்லாத பிளவு இன்று இருக்கும். நாங்கள் நின்ற இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. என் நோட்டுப் புத்தகம் மட்டும் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“யாரு கடுதாசி?”

“ஆபீஸ்ல இருந்து. சும்மாதான்.”

அன்றைக்கு வியாழக்கிழமை. மறுநாள் அவளோடு மலைக்குப் போவதாக ஏற்கெனவே பேச்சு. அவளுடைய அப்பாவுக்கு மேலே சின்ன ஏலத்தோட்டம் இருந்தது. அந்த வருஷத்து முதல் காயெடுப்பு. நான் ஊருக்கு வந்ததிலிருந்து ஒருமுறைகூட மேலே போகவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன். போடித் தெருக்களில் சாக்கடை மேல் பாவியிருக்கும் கற்பலகைகளையே மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தவன் நான். அவள் அதைப் பார்த்திருந்தாள். எதுவும் கேட்டதில்லை.

ஜீப்பில் ஆளோடு ஆளாக இடித்துக்கொண்டு போனோம். மெட்டைத் தாண்டியதும் வெயில் நின்றுவிட்டது. தோட்டத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் எங்களை இறக்கிவிட்டு ஜீப் போனது. அவள் முன்னால் நடந்தாள். பத்து நிமிஷம் நடந்திருப்போம். கீழேயிருந்து மூடுபனி ஏறி வந்தது.

“மஞ்சு ஏறுது, வெரசா வாங்க” என்று சொல்லிக்கொண்டே அவள் நடந்தாள். முதலில் அவள் கால்கள் மறைந்தன. பிறகு இடுப்பு. பிறகு முழுவதுமாகக் காணவில்லை.

என் கால் நின்றுவிட்டது. இது போடிமெட்டு, இது மண், கீழே வேர்கள் இருக்கின்றன என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். உடம்பு கேட்கவில்லை. கையிலிருந்த குடையின் முனையால் பாதையைக் குத்திப் பார்த்தேன். சருகுக்குள் முனை கொஞ்சம் இறங்கியது. அது போதும். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கைகளாலும் ஏலச்செடியின் அடித்தண்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“எங்கிட்டு நிக்கிறீங்க?” அவள் குரல் எங்கிருந்தோ வந்தது. தேடிக்கொண்டு திரும்பி வந்தவள் என்னைப் பார்த்ததும் குனிந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, மயக்கமா? எதுவும் கடிச்சிருச்சா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் குளிரிலும் வேர்த்திருந்தது. என் கணுக்காலில் அட்டைகள் ஏறியிருந்ததைக் கண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிய ஆரம்பித்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் பேச அது வசதியாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பிளவைச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்ததைச் சொன்னேன், எழுதிய பொய் அளவுகளைச் சொன்னேன், கடிதத்தையும் எடுத்துக் காட்டினேன். நனைந்துவிடும் என்று அதை அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இம்புட்டு மாசமா எங்கிட்டகூடச் சொல்லலை” என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.

“எப்படிச் சொல்றது? மாலையெல்லாம் போட்டுட்டாங்க.”

அவள் இன்னொரு அட்டையைப் பிடுங்கினாள். அந்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

“இப்ப உள்ளதைச் சொன்னா வேலை போயிருமா?”

“போகலாம்.”

வேலை போனால் என்ன ஆகும் என்று அவளும் பயந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. மூன்று மாதக் கர்ப்பம் அப்போது அவளுக்கு.

“அடுத்து அங்கிட்டுப் போறவுக, நீங்க எழுதுனதை நம்பித்தான் நடப்பாகளா?”

“ஆமா.”

“அப்ப இங்க உக்காந்து என்ன சோலி? எந்திரிங்க.”

எழ முடியவில்லை. அவள் என் குடையை வாங்கித் தூரப் போட்டாள். பிறகு தன் கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு, அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து, ரோட்டுக்கு ஏறி வந்தேன். பத்து நிமிஷப் பாதை. மதியம் வரை ஆனதுபோல இருந்தது. அவள் அப்பாவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினோம், மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று.

சனிக்கிழமை காலை தபால் அலுவலகத்துக்குப் போய் மேலதிகாரியின் வீட்டு எண்ணுக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். கடிதம் போட்டால் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராது. ஏலக்காய் வியாபாரிகள் சிலர் வெளியூருக்குப் பேசக் காத்திருந்தார்கள். என்னைத் தெரிந்த ஒருவர், “அண்டார்டிகா மாப்ளே, வாங்க!” என்று பெஞ்சில் இடம் விட்டார். சுவர்ப் பல்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லைன் கிடைக்காமலே போகட்டும் என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. இரண்டு மணி நேரம் கழித்துக் கிடைத்தது.

மேலதிகாரி பாலக்காட்டுக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். என் குரலைக் கேட்டதும் மகிழ்ச்சியாக, “கடிதம் கிட்டியோ?” என்றார்.

“சார், அந்த நாலு கம்பம்... நான் அங்க போகலை சார்.”

“என்னா? கேட்கலை. சத்தமாப் பேசு.”

“நான் போகலை சார்!”

“எங்கே போகலை?”

இரைச்சல் கூடியது. எனக்கு வேறு வழியில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

“அந்த நாலு கம்பத்துக்கும் நான் போகவே இல்லை! பயந்துக்கிட்டுப் பாதியிலேயே திரும்பிட்டேன்! அளவெல்லாம் நானா எழுதுனது! பொய் சார்!”

எனக்குப் பின்னால் இருந்த பேச்சுச் சத்தம் நின்றுபோனது. திரும்பிப் பார்க்கவில்லை. இடையில் ஆபரேட்டர் பெண் வந்து, “மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டெண்ட் பண்ணவா?” என்று கேட்டாள்.

“பண்ணுங்க” என்றார் மேலதிகாரி. பிறகு என்னிடம், “நாலுமா?” என்றார்.

“நாலும் சார்.”

“மத்த கம்பங்கள்?”

“மத்ததெல்லாம் நான் அளந்தது. சத்தியமா அளந்தது.”

“நீ சொல்றதை இப்போ நான் எப்படி நம்புறது?”

ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவரே மீண்டும் பேசினார். “எழுதி அனுப்பு. எங்கே நின்னீங்க, எங்கே திரும்புனீங்கன்னு படம் போட்டு அனுப்பு. கையெழுத்துப் போடு.” அதோடு வைத்துவிட்டார்.

பேசி முடித்துத் திரும்பியபோது பெஞ்சில் இருந்தவர்கள் கையிலிருந்த தாள்களைப் படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடம் கொடுத்தவர் மட்டும், “பார்த்துப் போங்க, மாப்ளே” என்றார், மெதுவாக. அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பள்ளியிலிருந்து பிறகு யாரும் என்னைப் பேசக் கூப்பிடவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் தினமும் போகும் என்று எதிர்பார்த்துக்கொண்டே அந்த வருஷத்தைக் கழித்தேன். கட்டுரை நிறுத்தப்பட்டது. அந்தக் கடைசி வரிசை முழுவதையுமே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், நான் உண்மையில் அளந்ததையும் சேர்த்து. ராணுவ வீரருக்கு நடந்ததை எழுதி, இந்தி தெரிந்த ஒருவரைக் கொண்டு திருத்தி அனுப்பினேன். பதில் வரவில்லை. அடுத்துப் போனவர்கள் கயிறு கட்டி, அடிக்கு அடி குத்திப் பார்த்து அந்தப் பக்கம் போனார்களாம். நான்கில் இரண்டு கம்பங்கள்தான் நின்றனவாம். மற்ற இரண்டும் பனியில் புதைந்தனவா, பிளவுக்குள் போயினவா என்று யாருக்கும் தெரியவில்லை.

என்னைப் பனிக்கு மறுபடி அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. தூத்துக்குடிப் பக்கம் கடல்நீர் சேகரிக்கும் படகு வேலைக்கு மாற்றினார்கள். மகள் பிறந்த பிறகு மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய் வருவாள். நான் போடியோடு நின்றுகொள்வேன்.

மேலதிகாரி அந்த விஷயத்தை ஒருநாளும் திரும்பப் பேசியதில்லை. ஆனால் படகிலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுக்கும் நோட்டைப் புரட்டும்போது, ஒவ்வொரு முறையும், ஏதாவது ஓர் எண்ணின் மேல் விரலை வைப்பார்.

“இது நீ பார்த்ததா?”

“பார்த்ததுதான் சார்.”

அவர் ஓய்வு பெறும் வரைக்கும் கேட்டார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் உண்மையில் பார்த்து எழுதிய எண்தான், இருந்தாலும் அவர் விரலை எடுக்கும் வரைக்கும் எனக்கு மூச்சு வராது.