மூலையில் நின்ற குடை

அவளுக்கு 'சராசரி' என்று பட்டப்பெயர் வைத்தது அக்காதான். "ஊரில் வருஷத்துக்கு எத்தனை சீப்பு விற்கும்?" என்றெல்லாம் நேர்காணலில் கேட்கிறார்கள், விடையை அல்ல, யோசிக்கும் வழியைத்தான் பார்க்கிறார்கள் என்று எப்போது தெரிந்ததோ, அன்றிலிருந்து அவள் கண்ணில் பட்டதையெல்லாம் பெருக்கி வகுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"காபி வேணுமாடி, இல்ல நாட்டுல எத்தனை பேர் குடிக்கிறாங்கன்னு சொல்லப்போறியா?" என்பாள் அக்கா.

மூன்று நிறுவனங்கள் கைவிரித்துவிட்டன. நாலாவதும் போனால் திங்கட்கிழமை முதல் அத்தானின் செல்போன் கடையில் பில் போட வேண்டும். அத்தான் அவளுக்காக நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார். போதாக்குறைக்கு, நாலாவதில் முதல் சுற்று தேறிய குஷியில் அக்காவின் குடையை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்ததில் வீடே ரெண்டுபட்டிருந்தது.

இரண்டாம் சுற்றில் மேலாளர் கேட்டார்: "நம்ம ஊர்ல வருஷத்துக்கு எத்தனை குடை விக்கும்?"

பலகையில் மளமளவென்று எழுதினாள். பத்து லட்சம் பேர். இரண்டு பேருக்கு ஒரு குடை. ஒரு குடை இரண்டு வருஷம் உழைக்கும். ஆக, வருஷத்துக்கு இரண்டரை லட்சம்.

"தொலைஞ்சு போறது?"

"அட ஆமா சார்! அஞ்சுல ஒண்ணு தொலையும். இன்னொரு லட்சம் கூட்டிக்கலாம்."

கூட்டிவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றாள். அறை மூலையில் ஒரு குடை. கைப்பிடியில் அக்கா வைத்த நீல நெயில்பாலிஷ் பொட்டு. சிரிப்பு பீறிட்டது.

"கூட்டக் கூடாது சார்!" அழித்தாள். "தொலைச்சவங்க புதுசு வாங்குவாங்க, சரி. எடுத்தவங்க வாங்க மாட்டாங்களே!"

"அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"நீங்க வாங்கினீங்களா சார்? அது எங்கக்கா குடை."

மேலாளர் மூலையைப் பார்த்தார். காது சிவந்தது. "யாரும் கேட்டு வரல... அன்னிக்கு நல்ல மழை..." என்று மென்று விழுங்கினார். "ஆனா என்கிட்ட வேற குடையும் இருக்கும்மா. இது கிடைக்கலன்னாலும் புதுசு வாங்கியிருக்க மாட்டேன்."

"அப்ப பாதியக் கூட்டிக்கலாம் சார்!"

பக்கத்திலிருந்த பெண் அதிகாரி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார்.

"சரி, குடைய எடுத்துட்டுப் போங்க. வெளியில கொட்டுது."

"இருக்கட்டும் சார். திங்கட்கிழமை வேலைக்கு வரும்போது எடுத்துக்கறேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒன்பது மணிக்கு வந்துடுங்க," என்றார் மேலாளர். "லேட்டானா நான் எடுத்துட்டுப் போயிடுவேன்."

தெருவில் தொப்பலாக நனைந்தபடி போனில் கத்தினாள்: "அக்கா, உன் குடை கிடைச்சிருச்சு!"

"பின்ன ஏண்டி மழை சத்தம் காதுல கொட்டுது? எங்க அது?"

"என் ஆபீஸ்ல!"

மறுமுனையில் அக்கா வீடதிரக் கூவினாள்: "என்னங்க, அந்த நாற்காலியக் கடையில திருப்பி எடுத்துக்குவாங்களான்னு கேளுங்க!"